பி.ஏ.வுக்குப் பதினாறாம் நாள்

கடல் தாண்டுகிறவர்களில் படிக்கப் போகிறவர்கள் உண்டு, பிழைக்கப் போகிறவர்கள் உண்டு, பாவம் தொலைக்கப் போகிறவர்களும் உண்டு. ரங்கூனிலிருந்து சென்னைக்கு மருந்தாகப் போனவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அம்பத்தூருக்குப் பக்கத்தில் அயனம்பாக்கத்தில் என் தாய்மாமன் இருக்கிறார். ஏரிப் பாசன நிலம், இரண்டு ஜோடி மாடு, பெரிய மீசை, ஒரே மகன். மகன் ஏகாம்பரம் பட்டணத்துக் காலேஜில் பி.ஏ. எழுதினான். அந்த ஊரிலிருந்து பி.ஏ. வரைக்கும் போன முதல் ஆள் அவன்தான். ஆகவே பி.ஏ.வில் பெயிலான முதல் ஆளும் அவன்தான். ரிசல்ட் வந்த நாளிலிருந்து பேச்சு இல்லை, சாப்பாடும் இரண்டு விள்ளலுக்கு மேல் இல்லை. மாமா, கப்பலேறிய ஊர்க்காரர் ஒருவரிடம் என் அம்மாவுக்கு இப்படிச் சொல்லியனுப்பினார்: "உன் புள்ள ரெண்டு தபா பெயிலாயும் நல்லா குண்டாத்தான் கீறானாமே. அவன கொஞ்சம் அனுப்பி வை. எங்க புள்ள பாத்துக் கத்துக்கட்டும்."

என் வாழ்நாளில் என்னை ஒரு முன்மாதிரி என்று யாரும் சொன்னதில்லை. அடுத்த கப்பலிலேயே ஏறிவிட்டேன்.

ரங்கூனில் தோற்பது இவ்வளவு பெரிய காரியம் இல்லை. எங்கள் ஹாஸ்டலில் என்னோடு சேர்ந்து தோற்ற பர்மாக்காரன், "மண்டை கனத்தால் முதலில் முடியை எடு" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு, மொட்டையடித்துக்கொண்டு மடத்துக்குப் போனான். ஒரு மழைக்காலம் துறவியாக இருந்துவிட்டுச் சிரித்தபடி திரும்பி வந்தான். சீனாக்காரன் ஒருவன் மறுநாளே அப்பாவின் கடையில் நின்று பித்தளைப் பூட்டு விற்றான். அவன் காலேஜில் படித்ததையே அந்த வீட்டில் மறந்துவிட்டார்கள். வெள்ளைக்கார வார்டன் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் வைத்திருந்தார். பச்சைத் தண்ணீரில் குளி, பந்து உதை. நான் மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸை இரண்டாம் கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். அவரவர் மதம் அவரவருக்கு.

சென்னையில் இறங்கி ரயிலேறினேன். அம்பத்தூரில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய் ஆவடியில் எழுந்தேன். வெளியே ஒரே ஒரு ஜட்கா நின்றது.

"எங்க போவணும் சாமி?"

"அயனம்பாக்கம். முருகேசன் வீடு."

வண்டிக்காரர் யோசித்தார். "அதாரு முருகேசன்?" பிறகு தொடையில் தட்டினார். "அட, பி.ஏ. பெயிலான ஊடா! அத மொதல்ல சொல்றதுக்கின்னா? ஏறு, ஏறு."

பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கி அதன் கழுத்தைத் தடவிக் காதில் ஏதோ சொன்னார். பிறகு வரப்பில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

"சாட்டை இல்லையா?" என்றேன்.

"அத்த எப்பிடி அடிக்கறது? போன வாரம் இதோட ஜோடிய வித்துட்டாங்க. மனசு ஒடிஞ்சி கீது. அதுவா கெளம்பும்."

அதுவாகக் கிளம்பியது. வழியெல்லாம் அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். "நீ ஒண்ணும் கவலப்படாத சாமி. வர்ற வெள்ளிக்கெயம உன் மாமன் பையனுக்குக் கரையான்சாவடி பூசாரி பேயோட்ட சாட்டை எடுக்கறாராம். நாலு இழுப்பு இழுத்தா பையன் தானா சோறு கேப்பான்."

குதிரையாகப் பிறக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

வீட்டு வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்பு. உள்ளே தாழ்வாரத்தில் பாய் விரித்து ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அது சரியான முகம்தான் என்பது உடனே தெரிந்தது.

மாமா நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "விடிகாலம் மொத ரயிலுக்குப் போனேன். ரிசல்ட்ட ஒட்டியிருந்தாங்க. கும்பல தள்ளிகினு பூந்து பாத்தேன். முன்னாடி நம்பர் கீது. பின்னாடி நம்பர் கீது." இங்கே நிறுத்தித் துண்டால் மூக்கைச் சிந்தினார். "நடுவுல நம்ம புள்ளைய காணோம்!"

பெண்கள் வாயில் கைவைத்து "ஐயோ" என்றார்கள். நான் அங்கே இருந்த நாட்களில் இந்தக் கதையைப் பலமுறை கேட்டேன். மூக்கு சிந்தும் இடம் ஒருதரம்கூட மாறவில்லை.

ஏகாம்பரம் தூணோரம் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, கொடியில் காயப்போட்டவன் மாதிரி இருந்தான். ஒவ்வொருவராக அவன் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா ஏகாம்பரம், எத்தினி மார்க்குல போச்சி?"

"எங்க அக்கா மவன் ஒரே தபால பாசு. ராவெல்லாம் தூங்கிகினுதான் இருந்தான், படிச்சி நான் பாத்ததே இல்ல. நீ பாவம், அவ்ளோ படிச்ச."

"போவட்டும் நைனா. எங்க எருமகூடத்தான் போன வாரம் செத்துப் பூட்ச்சி. நாங்க தாங்கிக்கல?"

அத்தை என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துச் சபை நடுவில் நிறுத்தினாள். "எங்க ரங்கூன் நாத்தனார் மவன். ரெண்டு தபா பெயிலு. பாருங்க, எப்பிடி கீறான்!"

எருமைக்காரர் எழுந்து என் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "நல்லா கீறான்" என்று சபைக்குத் தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு இலை போட்டார்கள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, பாதி மாங்காய். ரங்கூன் கருவாட்டுக்கும் இதற்கும் மணத்தில் சண்டை வைத்தால் இது மூன்று தெரு முன்னால் நிற்கும். குழம்பில் கொஞ்சம் உப்பு குறைவு, ஆனால் பசிக்கு அது தெரியவில்லை. என் கடமையை உணர்ந்து மூன்று உருண்டை சாப்பிட்டேன். ஊரே என் வாயைப் பார்த்தது. ஏகாம்பரத்துக்கும் எதிரில் இலை போட்டார்கள். அவன் ஒரு விள்ளல் எடுத்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் புதுச் செருப்புச் சத்தம். "இன்னா முருகேசா, மெய்யாலுமே பெயிலா?" விள்ளல் இலைக்கே திரும்பியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "விடிகாலம் மொத ரயிலுக்குப் போனேன்..." என்று ஆரம்பித்தார்.

கை கழுவக் கொல்லைக்குப் போனேன். கிணற்றின் மேல் பலகைகளை அடுக்கி, அவற்றின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"இது எதுக்கு அத்தை?"

"தூசி உழுதுப்பா" என்றாள் அத்தை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவரை நகைச்சுவையாகவே இருந்த என் பயணம் அந்த அம்மிக்கல்லைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறியது.

மறுநாள் சாயங்காலம் ஏகாம்பரத்தை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். கோடையில் தண்ணீர் உள்ளே ஒதுங்கி, வெடித்த சேற்றில் கொக்குகள் நின்றன. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோணங்கித்தனம் பண்ணுகிறவர்களுக்கு எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் ஒரே சாமான்தான்.

அவனே வாயைத் திறந்தான். காற்றுப் போல ஒரு குரல். "மச்சான், ஒனுக்கு எப்பிடி சோறு எறங்குது?"

"மென்னு முழுங்குவேன் மாமே."

அவன் சிரிக்கவில்லை. "அங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்களா?"

"ரங்கூன்ல அவனவன் வேலை அவனவனுக்கு. வார்டன் ஒருத்தர்தான் கேட்டார். அதுவும் பந்தாட வருவியான்னு."

கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பரிச்சயில ஒரு தபாதான் பெயிலானேன் மச்சான். இந்த ஊட்ல தெனமும் நாப்பது தபா ஆவறேன். ஒவ்வொருத்தர் உள்ள வரசொல்லோ ஒண்ணு. அப்பா அந்த ரயிலு கதைய ஆரம்பிக்கசொல்லோ ஒண்ணு. அவுங்க கெட்டவங்க இல்ல. பாசத்துலதான் வராங்க. அதான் எந்திரிச்சிப் போவவும் முடியல."

என்னிடம் பதில் இருந்திருந்தால் நான் இரண்டு தரம் ஏன் பெயிலாகிறேன்?

அடுத்த நாள் மாமா என்னைக் கரையான்சாவடிக்குக் கூட்டிப் போனார், பூசாரியிடம் வெள்ளிக்கிழமையை உறுதி செய்ய. பஸ் வேலப்பன்சாவடி வரைக்கும் நன்றாக வந்தது. அங்கே மூச்சை விட்டது. டிரைவர் முன்னால் போய்க் கைப்பிடியைச் சொருகி வேர்க்க வேர்க்கச் சுற்றினார். நாங்கள் பின்னால் தள்ளினோம். என் பக்கத்தில் தள்ளிய இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஹாஸ்டல் புண்ணியத்தில் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரியும். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உன் பையன் பி.ஏ. பாஸாமே?"

"பாஸ்தான். போன வருஷமே."

"அப்புறம் என்ன?"

"வேலை கிடைத்ததா என்று கேட்க ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பையன் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். சோறு ஏணி வழியாகப் போகிறது."

பெயிலானவனுக்குத் தூண், பாஸானவனுக்குப் பரண். சென்னை ராஜதானியில் உயர்படிப்பு அடைந்திருந்த நிலைமையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

பூசாரி திடகாத்திரமான மனிதர். அவருடைய சாட்டை சுவரில் தொங்கியது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். விசாரணையை வைத்தியர் மாதிரியே ஆரம்பித்தார்.

"எந்த எடத்துல புடிச்சது? புளியமரமா, சுடுகாடா?"

"பரிச்ச மண்டபத்துல" என்றார் மாமா.

பூசாரி முகம் சுளித்தார். "பட்டணத்து மண்டபமா? அது வெள்ளக்காரன் கட்னதாச்சே. அங்க கீற பேய்ங்க இங்கிலீசு பேசும். நான் கேக்கறது அதுக்குப் புரியாது, அது சொல்றது எனக்குப் புரியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்லாம். பேச்ச கொறச்சிகினு அடிய கூட்டிக்கலாம்."

மாமா தலையை ஆட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப வலிக்குமாடா அது?" இவரும் பயந்துபோய்க் கிடக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதை சொல்லாத நேரத்தில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம்.

அன்று மாலை வழக்கமான சபை. மாமா ரயில் ஏறி, கும்பலைத் தள்ளி, முன் நம்பரைத் தாண்டி மூக்குச் சிந்தும் கட்டத்துக்கு வந்திருந்தார். எருமைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"எங்க அண்ணன் செத்தப்பகூட இவ்ளோ பேரு வரலப்பா. அதுவும் பதினாறோட முடிஞ்சி பூட்ச்சி. அப்பால ஒருத்தன் வந்து கேக்கல."

"கருமாதி முடிஞ்சப்புறம் கேட்டாத்தான் குத்தமாச்சே" என்றாள் ஒரு பெரியம்மா.

என் வாய் எனக்குக் கட்டுப்பட்டதல்ல. "அப்ப இந்தப் பி.ஏ.வுக்கும் ஒரு கருமாதி வெச்சி முடிச்சிடலாமே" என்றேன்.

அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். "அடக் கஸ்மாலம்! உயிரோட கீற புள்ளைக்கா?"

"புள்ளைக்கு இல்ல அத்தை, பி.ஏ.வுக்கு. அதுதானே போச்சி?"

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் தூணோரத்தில் தலை ஒன்று நிமிர்ந்தது. ஏகாம்பரம் என்னையே பார்த்தான். அவன் உதட்டோரம் ஒரு நூல் அளவுக்கு இழுபட்டதை அத்தையும் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், காதைப் பொத்திய கை இறங்கிவிட்டது.

"ரிசல்ட்டு வந்து பதினாறு என்னிக்கி உழுது?" என்று அவளே கேட்டாள்.

எருமைக்காரர் விரல்விட்டு எண்ணினார். "வியாழக்கெயம."

வெள்ளிக்கிழமைச் சாட்டைக்கு ஒருநாள் முன்னால். "சரி, பண்ணிப் பாக்கலாம். கேக்கலன்னா மறுநாளு பூசாரி கீறாரு" என்றார் மாமா.

யார் காரியம் செய்வது என்று சிறு தகராறு வந்தது. ஏகாம்பரம்தான் என்றார்கள் சிலர். நான் விடவில்லை. "பி.ஏ. வேணும்னு ஆசைப்பட்டது யாரு? பெத்தவர்தானே செய்யணும்?" மாமா தோள் துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு, "ஆமா, நான்தான் ஆசப்பட்டேன்" என்றார்.

வியாழன் காலை ஏரிக்கரையில் ஊரே நின்றது. நாவிதர் மாமாவின் தலையை வழித்தார். மீசைக்கு வந்ததும் கத்தியை நிறுத்தி, "இதுவுமா அண்ணாத்தே?" என்று கேட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு "எடு" என்றார். மீசை போன பிறகு பார்த்தால் அவர் முகமும் ஏகாம்பரத்தின் முகமும் ஒன்றாகவே இருந்தன.

காரியம் செய்விக்க வந்த பண்டாரம் பழக்கத்தை விடவில்லை. "எறந்தவங்க பேரு?"

"பி.ஏ."

"வயசு?"

"ரெண்டு வருசம்."

"அடடா, சின்ன வயசு" என்று உச்சுக்கொட்டிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பிண்டம் பிடித்து, எள் தெளித்து, இலையைக் கரையில் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றோம். காக்கை வந்து எடுக்க வேண்டும், அதுதான் முறை. பனைமரத்தில் நாலைந்து காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

வெயில் ஏறியது. "ஆச ஏதோ பாக்கி கீது. வாக்குக் குடுங்க, அப்பதான் எடுக்கும்" என்றார் பண்டாரம்.

மாமா முன்னால் வந்து கைகூப்பினார். "அடுத்த வருசம் மறுபடியும் கட்டி எழுத வெக்கிறேன்."

காக்கைகள் வேறு பக்கம் பார்த்தன.

அத்தை வந்தாள். "நல்ல பொண்ணா பாத்துக் கல்யாணம் கட்டி வெக்கிறேன்." ஒரு காக்கை எழுந்து தூரத்து மரத்துக்கே போய்விட்டது.

எருமைக்காரர் ரயில்வேயில் குமாஸ்தா வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். அவருக்கு ரயில்வேயில் யாரையும் தெரியாது. காக்கைகளுக்கும் அது தெரிந்திருக்கும்போல.

சிரிப்பாக ஆரம்பித்த காரியத்தில் யார் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. மாமா ஈர வேட்டியோடு மொட்டைத்தலையில் வெயில் விழ நின்றார். மகனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

"எழுதனா எழுதட்டும்" என்றார். "எழுதலன்னா போவட்டும். நான் இனிமே கேக்க மாட்டேன். வந்து கேக்கறவனுக்குக் கத சொல்லவும் மாட்டேன். அவன் இருந்தா போதும்."

காக்கைகள் அசையவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"கா... கா..."

ஏகாம்பரம். பதினாறு நாளாக ஊர் கேட்காத குரல், காக்கையின் குரலைவிட மோசமாக இருந்தது. "கா... கா..." என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இலையருகே போனான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு காக்கை இறங்கித் தத்தித் தத்தி வந்து, ஒரு பருக்கையைக் கொத்திப் பார்த்துவிட்டு, பிண்டத்தையே தூக்கிக்கொண்டு பறந்தது. ஊரே கைதட்டியது. கருமாதியில் கைதட்டல் வாங்கிய காக்கை வேறெங்கும் இருக்க முடியாது.

மாமா முதல் வேலையாகக் கரையான்சாவடிக்கு ஆள் அனுப்பினார், பூசாரி வர வேண்டாம் என்று. பிறகு வீட்டில் பந்தி. எங்கள் வரிசை உட்காரும்போது, வெளியூர் போயிருந்த ஒரு தூரத்து உறவினர் வியர்வையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். "முருகேசா, இப்பத்தான் கேள்விப்பட்டேன். பையன் மெய்யாலுமே..."

எருமைக்காரர் இலையை விட்டே எழுந்துவிட்டார். "யோவ், கருமாதி முடிஞ்சி பூட்ச்சி! அப்பால கேக்கலாமா? முறை தெரியாத ஆளா கீறியே! உக்காந்து சாப்பிடு."

அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாமா மகனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் சொன்ன கதையை இனிச் சொல்ல முடியாது, கேட்ட கேள்வியைக் கேட்க முடியாது. மீசை இருந்த இடத்தைத் தடவினார். இலையில் கத்தரிக்காயை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கடைசியில், புது ஊருக்கு வந்தவன் வழி கேட்பதுபோல, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"கொழம்பு... எப்பிடிடா கீது?"

ஏகாம்பரம் வாயில் இருந்ததை மென்று முழுங்கினான்.

"உப்பு கம்மிப்பா. பதினாறு நாளாவே கம்மிதான். சொன்னா, அதயும் விசாரிக்க நாலு பேரு வருவாங்களேன்னுதான் சொல்லல."